இருக்கைக்கு அடியில் ஓர் அட்டவணை

அமெரிக்காவில் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் பயிர்களில் அதிகப் பரப்பில் இருப்பது எது என்று கேட்டால் மக்காச்சோளம் என்றுதான் பலரும் சொல்வார்கள். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய கிறிஸ்டினா மிலேசியும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட கணக்கு வேறு பதிலைத் தருகிறது: புல். வீட்டு முன்றில், பள்ளி மைதானம், கோல்ஃப் திடல், தேவாலய வளாகம், கல்லறைத் தோட்டம் என்று எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். மனிதர் உண்ணாத, மாடும் மேயாத இந்தப் பயிரை வளரும் பருவம் முழுக்க வாரம் ஒருமுறை அறுத்தாக வேண்டும். அறுத்ததைப் பெரும்பாலும் அங்கேயே உதிர்த்துவிட்டுப் போக வேண்டும். இதில் என்ன நியாயம் என்று கேட்பவர்கள் அங்கேயே நிறைய இருக்கிறார்கள். அந்த வழக்கைத் தள்ளி வைத்துவிட்டு, அறுக்கும் வண்டிக்கு வருவோம்.

1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் முதல் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் பிசிறுகளைச் சீவும் ஆலை எந்திரத்தைப் பார்த்து எழுந்த யோசனை அது. ஆள் தள்ளினார், பிறகு குதிரை இழுத்தது, பிறகு எஞ்சின் வந்தது. இன்று அமெரிக்க நகரங்களில் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் வணிக வண்டிகள் 1960களில் பிறந்த இனத்தைச் சேர்ந்தவை. மிசூரியில் மேக்ஸ் ஸ்விஷர், கான்சாஸில் ஜான் ரீகியர் என்ற இருவர் ஓராண்டு இடைவெளியில், நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் வண்டிகளைச் செய்தார்கள். ஸ்டியரிங் கிடையாது. இரண்டு பின்சக்கரங்களுக்கும் தனித்தனி இயக்கம், இரண்டு நெம்புகோல்கள். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளினால் வண்டி பம்பரமாகத் திரும்பும். ஜீரோ டர்ன் என்று பெயர்.

நெம்புகோல்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மீட்டர் இருக்கும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அது காட்டாது. எத்தனை மணி நேரம் ஓடியது என்றே காட்டும். டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஜேசிபியை வாடகைக்கு எடுத்தவர்களுக்கும் ஹவர் மீட்டரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இருக்கையைத் தூக்கினால், அடியில் ஒரு ஸ்டிக்கர். நாள்தோறும், 50 மணி, 100 மணி, 200 மணி, 500 மணி என்று தலைப்பிட்டு, எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். வெயிலிலும் எண்ணெய்க் கையிலும் பட்டு முதல் ஆண்டிலேயே பாதி அழிந்துவிடும். இந்த அத்தியாயம் அந்த ஸ்டிக்கரைப் படிக்கும் முயற்சி. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தேய்மானம் இருக்கிறது; ஒவ்வொரு தேய்மானத்துக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அந்தக் கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதிலிருந்துதான் பராமரிப்பு அட்டவணை என்ற சங்கதியே தொடங்குகிறது.

ஏன் மணிக்கணக்கு? இந்த வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்று என்ற வேகத்தில் நாள் முழுக்க ஓடுகிறது. பிளேடு தேவையான வேகத்தில் சுழலவும், எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி போதிய காற்றைத் தள்ளவும் ஆக்சிலேட்டரை முழுதாக வைத்தே வெட்டச் சொல்கிறது கையேடு. அப்படியானால் 100 மணி நேரத்தில் 2.16 கோடி சுற்றுகள். 60 கிலோமீட்டர் வேகத்தில், 1,800 சுற்றில் ஓடும் ஒரு கார் இதே எண்ணிக்கையை எட்ட 12,000 கிலோமீட்டர் போக வேண்டும். அதே 100 மணியில் புல்வெட்டும் வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டர் வீதம் வெறும் ஆயிரம் கிலோமீட்டரைத்தான் கடந்திருக்கும். சக்கரத்தை நம்பிக் கணக்கு வைத்தால் எஞ்சின் செத்த பிறகுதான் தெரியும்.

100 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்று என்கிறது ஸ்டிக்கர். கார்க்காரர்களுக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். காரின் எஞ்சினைத் தண்ணீர் குளிர்விக்கிறது. ரேடியேட்டர் வெப்பத்தை ஓர் அளவுக்குள் பிடித்து வைத்திருக்கிறது. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் காற்றுதான் குளிர்விக்கிறது. ஆகஸ்ட் மதியத்தில், சிலிண்டரைச் சுற்றியிருக்கும் இதழ் இதழான உலோகத் தகடுகளின் வழியே 35 டிகிரிக் காற்று ஓடுகிறது என்றால், உள்ளே ஆயிலின் வெப்பம் கார் எஞ்சினில் இருப்பதைவிட நன்றாகவே கூடும். 1889இல் சுவீடன் வேதியியலாளர் அரீனியஸ் வெப்பத்துக்கும் வேதிவினையின் வேகத்துக்குமான உறவைச் சமன்பாடாக்கினார். ஆயில் விஷயத்தில் அதைப் பட்டறை மொழியில் சொன்னால்: வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இருபது டிகிரி ஏறினால் நாலு மடங்கு. அதுவும் காரில் நாலு லிட்டர் பகிர்ந்துகொள்ளும் வேலையை இங்கே சுமார் இரண்டு லிட்டர் சுமக்கிறது.

ஆயில் கெடுவது என்றால் அழுக்காவது மட்டுமில்லை. அழுக்கு ஆயில் ஒருவகையில் நல்ல அறிகுறி. உள்ளிருக்கும் கரியைத் தன்னுள் இழுத்து வைத்திருக்கிறது என்று பொருள். கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத மூன்று மாற்றங்களுக்கு. சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி ஓடுவதற்காகச் சேர்த்திருக்கும் நீண்ட மூலக்கூறுகள் பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் நடுவே அறுபட்டுப்போகின்றன, ஆயில் நீர்த்துவிடுகிறது. எரிபொருள் எரிந்து உண்டாகும் அமிலங்களை முறிக்கச் சேர்த்த காரப்பொருள் தீர்ந்துபோகிறது. உலோகம் உலோகத்தோடு உரசும் இடத்தில் மெல்லிய காப்புப் படலமாகப் படியும் துத்தநாகச் சேர்மமும் குறைகிறது. இவற்றில் எதையும் டிப்ஸ்டிக்கை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இங்கே கடிகாரத்தை நம்ப வேண்டியிருக்கிறது.

எல்லா ஆயில் மாற்றங்களிலும் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது முதலாவது. புது வண்டி ஓடத் தொடங்கி ஐந்திலிருந்து பத்து மணி நேரத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்லும் கையேடுகள் பல உண்டு. வாங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை, அதற்குள்ளா என்று தள்ளிப்போடுகிறார்கள். புதிய சிலிண்டர் சுவரில் கடைசல் விட்டுச்சென்ற நுண்ணிய மேடுகள் இருக்கும். பிஸ்டன் வளையங்கள் முதல் சில மணி நேரத்தில் அந்த மேடுகளைச் சீவித் தமக்கேற்றபடி பதப்படுத்திக்கொள்கின்றன. சீவிய உலோகத் துகள் எங்கே போகும்? ஆயிலில்தான். பின்சக்கரங்களை ஓட்டும் ஹைட்ராலிக் பம்புகளுக்கும் இதே கதைதான். அங்கே முதல் மாற்றம் 75 அல்லது 100 மணியில். அதன் பிறகு பல வண்டிகளில் 500 மணிவரை கவலையில்லை. பம்பின் உள்ளுறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள். மனிதத் தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவு என்பதை வைத்துப் பார்த்தால், அங்கே எவ்வளவு சிறிய துகள் போய் எவ்வளவு பெரிய கீறலைப் போடும் என்று புரியும்.

இனி பிளேடு. வண்டியில் இதைவிடச் சுவாரசியமான பாகம் இல்லை.

ஐந்தடி அகல டெக்கில், அதாவது வெட்டும் பகுதியை மூடியிருக்கும் இரும்புக் கூட்டில், மூன்று பிளேடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் இருபது அங்குலத்துக்குச் சற்று அதிக நீளம். அவற்றின் முனை வேகம் நிமிடத்துக்கு 19,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்கத் தரநிலை வரம்பு வைத்திருக்கிறது. தயாரிப்பாளர்கள் அதற்குச் சற்றுக் கீழே, 18,500 வாக்கில் நிறுத்திக்கொள்கிறார்கள். மணிக்கு 338 கிலோமீட்டர். இவ்வளவு வேகம் ஏன்? தரையோடு பிடிமானம் தவிர வேறு ஆதாரமில்லாத மெல்லிய இலை, மெதுவாக வரும் கத்திக்கு வளைந்து கொடுத்துவிடும். வளைவதற்கு நேரம் கொடுக்காமல் அடித்தால்தான் வெட்டுப்படும். முனை மழுங்கினால் இலை அறுபடாமல் கிழிபடும். கிழிந்த நுனி காய்ந்து பழுப்பாகும்; நீர் இழப்பு கூடும்; பூஞ்சை உள்ளே போக வழி கிடைக்கும். வெட்டிய மறுநாள் புல்வெளி முழுக்க லேசாக வெளுத்துத் தெரிந்தால் உரத்தைக் குறை சொல்வதற்கு முன் பிளேடைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பிளேடை மழுக்குவது புல்லா என்றால், பெரும்பாலும் இல்லை. புல்லோடு சேர்ந்து மேலே உறிஞ்சப்படும் மணல்தான். மணலின் குவார்ட்ஸுக்கு மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 7. பிளேடு செய்யும் எஃகு, உடையாமல் வளைய வேண்டும் என்பதற்காக, அதைவிட மென்மையாகவே பதப்படுத்தப்படுகிறது. கல்லில் மோதிச் சிதறும் பிளேடு யாரையாவது கொன்றுவிடும். ஆகவே தேய்மானத்தை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். புளோரிடாவின் மணற்பாங்கான மண்ணில் வெட்டுபவரின் பிளேடும், ஒஹாயோவின் களிமண்ணில் வெட்டுபவரின் பிளேடும் ஒரே மணிக்கணக்கில் தேயாது. ஸ்டிக்கரில் எண் போட்டிருந்தாலும், தொழிலில் இருப்பவர்கள் தீட்டிய பிளேடு ஒரு செட்டைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் மாற்றிவிடுகிறார்கள். பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயத்தில் கடிகாரம் வெறும் நினைவூட்டல்.

தீட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு முனைகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்து, பத்து கிராம் எடை வித்தியாசம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,450 சுற்றில், அந்தப் பத்து கிராம் சுமார் 33 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பேரிங்கை இழுக்கும். ஒரே திசையில் இல்லை. நொடிக்கு ஐம்பத்தேழு தடவை சுற்றிச் சுற்றி. பால் பேரிங்கின் ஆயுள் அதன் மீதான சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது சுவீடனைச் சேர்ந்த லுண்ட்பர்க், பால்ம்கிரென் இருவரும் 1947இல் முறைப்படுத்திய கணக்கு. சுமை இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. இந்தப் பத்து கிராம் பிசகுக்கு, ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய பேரிங் ஒரு பருவத்திலேயே அலறத் தொடங்கும். சுவரில் ஆணி அடித்து, நடுத்துளையில் பிளேடை மாட்டி, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாத பட்டறைகள் நிறைய. பிளேடைத் தொடும் முன் சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக்கின் வயர்களையும் பிடுங்கிவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தால், ஆண்டுதோறும் அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் புல்வெட்டும் எந்திரக் காயத்தோடு வரும் பல்லாயிரம் பேர் தேவை என்று காட்டுகிறார்கள்.

பேரிங் என்றதும் கிரீஸ். நிப்பிள் உள்ள பழைய பாணி சுழல்தண்டுகளுக்கு 50 மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று அமுக்கு போதும். கையால் இயக்கும் கிரீஸ் கன்னே சதுர அங்குலத்துக்குச் சில ஆயிரம் பவுண்டு அழுத்தம் தரும். பாசத்தில் பத்து அமுக்கு அமுக்கினால் ரப்பர் சீல் பிதுங்கி, பிறகு அந்த வழியாகவே தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். புதிய வண்டிகள் பலவற்றில் பேரிங்கை முழுக்க மூடியே அனுப்புகிறார்கள், நிப்பிளே இல்லை. இது சோம்பேறித்தனமான வடிவமைப்பு என்று பழைய மெக்கானிக்குகள் முணுமுணுப்பதுண்டு. உண்மையில் இது அவர்களுடைய கையிலிருந்து பேரிங்கைக் காப்பாற்றும் வடிவமைப்பு.

கூடுதல் கவனிப்பே கெடுதலாவதை இன்னும் கூர்மையாகக் காட்டுவது ஏர் ஃபில்டர். முழுச் சுமையில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் அளவில் காற்றை உள்ளிழுக்கிறது. அதுவும் எந்தக் காற்றை? தானே கிளப்பிய தூசியும் புல்தூளும் கலந்த காற்றை. அதற்காகவே வணிக வண்டிகளில் பெரிய டப்பா வடிவ ஃபில்டர், உள்ளே பாதுகாப்புக்கு இன்னொன்று. நல்ல மெக்கானிக் என்று பெயர் வாங்க விரும்புபவர் தினமும் அதைக் கழற்றி, கம்ப்ரஸர் காற்றை அடித்துப் பளிச்சென்று ஆக்குவார். தவறு. துணியில் பழச்சாறு வடிக்கும்போது முதலில் சற்றுக் கலங்கலாக இறங்கி, சக்கை படியப் படியத் தெளிவது போலத்தான் காகித ஃபில்டரும். படிந்த தூசி அடுத்த தூசியைப் பிடிக்கும். புதிய ஃபில்டரைவிடக் கொஞ்சம் ஓடிய ஃபில்டர் நுண்தூசியை நன்றாகத் தடுக்கும். அழுத்தக் காற்று காகித இழைகளைக் கிழித்துக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைப் போடும். திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் விளிம்பில் ஒட்டிய தூசி சுத்தமான பக்கம் விழும் வாய்ப்பு வேறு. குறித்த மணிவரை அதைத் தொடாமல் இருப்பதுதான் பராமரிப்பு. வண்டி முக்கிப் புகை கக்கினாலோ மண்புழுதியில் வேலை செய்தாலோ முன்கூட்டியே மாற்றலாம், ஊதக் கூடாது.

அளவுக்கு மீறிக் கவனித்தால் பழுது கூடும் என்பதை எண்களோடு எடுத்துச் சொன்னவர் ஓர் உயிரியலாளர். கான்ராட் ஹால் வாடிங்டன், 1905இல் பிறந்தவர். தந்தை வயநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றியதால் முதல் சில ஆண்டுகளை அங்கேயே கழித்தவர். கருவியலில் பெரிய பெயர்; எபிஜெனெட்டிக்ஸ் என்ற துறைப்பெயரை 1942இல் வழக்குக்குக் கொண்டு வந்தவரும் அவரே. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில், ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த விமானங்கள் ஏன் இவ்வளவு நேரம் பட்டறையில் கிடக்கின்றன என்று பார்க்கும் குழுவில் சேர்ந்தார். 50 பறப்பு மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு விமானத்துக்கும் முழுப் பரிசோதனை. பரிசோதனை முடிந்து எத்தனை மணி கழித்து எதிர்பாராத பழுது வருகிறது என்று வரைபடம் போட்டார்கள். பரிசோதனைக்குப் பின் பழுது குறைந்து, அடுத்த பரிசோதனை நெருங்க நெருங்க ஏற வேண்டும் என்பதுதானே நியாயம்? வரைபடம் தலைகீழாக இருந்தது. பரிசோதனை முடிந்த உடனேயே பழுது உச்சத்தில். பறக்கப் பறக்கக் குறைந்துகொண்டே போனது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிரித்துப் பார்த்தவர்களே பழுதை உண்டாக்கியிருக்கிறார்கள். போர்க்கால ரகசியம் என்பதால் இந்த ஆய்வு 1973இல்தான் நூலாக வெளியானது.

புல்வெட்டும் வண்டிப் பட்டறையில் வாடிங்டனின் வரைபடத்தைத் தினமும் பார்க்கலாம். பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும்; கவனிக்காமல் புதியதைப் பூட்டினால் இரண்டு வளையங்களுக்கு நடுவே ஆயில் பீய்ச்சும். அரை மணி நேரத்தில் எஞ்சின் வறண்டுவிடும். பெல்ட்டை ஒரு கப்பிக்கு வெளியே விட்டு மாட்டுவது, பிளேடைத் தலைகீழாகப் பூட்டுவது, வடிகால் திருகை முறுக்க மறப்பது என்று இந்த வரிசை நீளும். ஆகவே நல்ல அட்டவணை என்பதில் கடைசி வரியாக, சர்வீஸ் முடிந்து பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, கீழே குனிந்து பார்க்கும் வேலையும் இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் அதற்கு இடமில்லை.

இதுவரை சொன்னவை ஓடினால் தேய்பவை. நின்றாலும் கெடுபவை இருக்கின்றன. அட்டவணையில் "100 மணி அல்லது ஆண்டுக்கொரு முறை" என்று எழுதியிருப்பதன் காரணம் அதுதான். அமெரிக்காவின் வட மாநிலங்களில் நவம்பரிலிருந்து மார்ச் வரை வண்டிக்கு வேலையில்லை. தொட்டியில் விட்டுவைத்த பெட்ரோலில் லேசான பாகங்கள் ஆவியாகி, மிச்சம் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம் எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஓர் அளவு தாண்டியதும் தண்ணீரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். பதினைந்து சதவீதக் கலப்பை இந்தச் சிறிய எஞ்சின்களில் ஊற்றவே கூடாது என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பேட்டரியின் கதை இன்னும் விசித்திரம். முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய அமில பேட்டரி எந்த அமெரிக்கக் குளிரிலும் சாதாரணமாக உறையாது. காலியான பேட்டரியில் அமிலம் நீர்த்திருப்பதால் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்குள்ளேயே உறைந்து வெடித்துவிடும். டெக்கின் அடியில் அப்பிய ஈரப்புல் அழுகி, வண்டி தூங்கும்போது இரும்பைத் தின்னும். குளிர்காலத்துக்கு மூடிவைக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள், ஓடும் காலத்து வேலைகளைவிட வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பவை என்பது என் கருத்து.

டயர் காற்று பற்றி ஒரு வாக்கியம் போதும்: ஒரு பக்கம் குறைந்தால் டெக் சாயும், புல்வெளி படிப்படியாகத் தெரியும், பிளேடின் மேல் பழி விழும்.

இந்தக் கடிகாரங்களையெல்லாம் ஒரே தாளில் சேர்ப்பதற்கு முன் ஓர் எதிர்வாதத்தைச் சந்திக்க வேண்டும். 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் ஸ்டான்லி நவுலனும் ஹவர்ட் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். விமானப் பாகங்களில் வயது ஏற ஏறப் பழுது கூடுவது 11 சதவீதத்தில் மட்டுமே; மீதி 89 சதவீதத்துக்கு, இத்தனை மணிக்கு மேல் கழற்றிவிடு என்று வரம்பு வைப்பதில் பயனில்லை என்றது அது. டிசி-8 விமானத்தில் 339 பாகங்களைக் கால அளவு வைத்துப் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. டிசி-10இல் அதை ஏழாகக் குறைத்தார்கள். அதனால் நம்பகத்தன்மை குறைந்துவிடவில்லை. அப்படியானால் புல்வெட்டும் வண்டிக்கு மட்டும் ஏன் இத்தனை மணிக்கணக்கு?

ஏனென்றால் அந்த 11 சதவீதம் எவை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்: டயர், பிரேக் கட்டை, பிஸ்டன் எஞ்சினின் சிலிண்டர் போன்ற, நேரடியாக உரசித் தேயும் எளிய பாகங்கள். புல்வெட்டும் வண்டியில் முக்கால்வாசி அப்படிப்பட்டதுதான். பிளேடு, பெல்ட், ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாம் வயதானால் சாகும். மின்சாரச் சாமான்கள் அப்படியல்ல. பிளேடை இயக்கும் மின்காந்தக் கிளட்ச், இருக்கைக்கு அடியிலுள்ள பாதுகாப்பு ஸ்விட்ச் இவையெல்லாம் எப்போது வேண்டுமானாலும் போகும், முன்னறிவிப்பு தராது. ஓட்டுநர் எழுந்தால் எஞ்சினை அணைக்க வேண்டிய ஸ்விட்ச்சை 500 மணிக்கு ஒருமுறை மாற்றுவதில் அர்த்தமில்லை. தினமும் காலையில், பிளேடைச் சுழலவிட்டு, இருக்கையிலிருந்து லேசாக எழுந்து பார்க்க வேண்டும். எஞ்சின் அணையாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. சில ஓட்டுநர்கள் இந்த ஸ்விட்ச்சைத் தொந்தரவு என்று வயரைச் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். ஸ்டிக்கரின் முதல் வரி அவர்களைப் பிடிப்பதற்காகத்தான் இருக்கிறது.

இனி கணக்கு. ஒஹாயோவில் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து அக்டோபர் இறுதிவரை முப்பது வாரம். வாரம் ஐந்து நாள். நாளைக்கு ஆறு மணி எஞ்சின் ஓட்டம் என்று வைத்தால் பருவத்துக்கு 900 மணி. 100 மணி வேலை மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் வருகிறது. 50 மணி கிரீஸ் ஒன்பதாவது நாள் காலையில். 500 மணியின் பெரிய வேலை ஜூலைக் கடைசியில். அந்த ஊர்ப் புல், ப்ளூகிராஸ், ஃபெஸ்க்யூ போன்றவை, குளிர்ச்சியை விரும்புபவை. ஏப்ரல் மே மாதங்களில் வெறிபிடித்தாற்போல் வளர்ந்து ஜூலை வெயிலில் தளர்ந்துவிடும். பெரிய வேலை தானாகவே தளர்ச்சிக் காலத்தில் போய் விழுகிறது. விழாவிட்டால், 460இலோ 530இலோ செய்து அதை அங்கே கொண்டுபோக வேண்டும். மே மாதத்தின் நடுவே ஒரு நாள் வண்டி நின்றால் இழப்பது ஒரு நாள் கூலியை மட்டுமில்லை; அதற்குள் உயர்ந்துவிடும் புல்லை மறுபடி வெட்ட இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருக்கும்.

50, 100, 200, 500 என்று எண்கள் இவ்வளவு அழகாக இருப்பதே ஒரு சமரசம். எந்தத் தேய்மானமும் முழு எண்ணில் வருவதில்லை. ஒரு பாகம் 130இல் மாற்றத்தக்கது, இன்னொன்று 180இல் என்றிருந்தாலும், வண்டியைத் தூக்கி நிறுத்திக் கையை அழுக்காக்கிக்கொள்ளும் தடவைகளைக் குறைப்பதற்காக ஒன்றை முன்னும் மற்றொன்றைச் சற்றுப் பின்னும் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். தொடும் தடவை குறைந்தால் வாடிங்டனின் பழுதும் குறையும். அதனால் எண்ணைச் சாஸ்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. 100 என்பதைப் புழுதியில் 50 ஆக்கலாம், மழை பெய்து புல் நனைந்து வேலை நின்ற நாளில் 90லேயே முடித்துவிடலாம். மழை நாளைப் பட்டறை நாளாக்கிக்கொண்ட சிறு நிறுவனங்கள்தான் இந்தத் தொழிலில் தாக்குப்பிடிக்கின்றன.

கலிஃபோர்னியாவில் 2021இல் கையெழுத்தான சட்டத்தின் வழியே, 2024 முதல் தயாரிக்கும் புதிய சிறு எஞ்சின்களில் பெரும்பாலானவை புகை விடாதவையாக இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. பேட்டரி வண்டியில் ஆயில் இல்லை, பிளக் இல்லை, ஏர் ஃபில்டர் இல்லை. ஸ்டிக்கரில் பாதி வரிகள் காணாமல் போகும். பிளேடும் அதன் பேரிங்கும் டயரும் டெக்கின் அடியில் அப்பிய புல்லும் அப்படியே இருக்கும்.

கல்லூரி மைதானத்துக்கோ கிரிக்கெட் சங்கத்துக்கோ இப்படி ஒரு வண்டியைப் பழையதாக வாங்க நேர்ந்தால் ஹவர் மீட்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதை ஒரு திருப்புளி கொண்டு கழற்றிப் புதியது மாட்டிவிட முடியும். முதல் ஆயில் எந்த மணியில் மாற்றப்பட்டது, ஹைட்ராலிக் ஃபில்டர் எப்போது, பேரிங் எத்தனை தடவை என்று தேதியோடும் மணியோடும் எழுதிய நோட்டைக் கேளுங்கள். எண்ணெய்க் கறை படிந்து, பல மாதங்களாகப் பல பேனாக்களில் எழுதியதாக அது இருக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால் விலை பேசாமல் திரும்பிவிடுவது நல்லது.